‘இதர தொழிலாளர்’ என்ற மூட்டைக்குள் யார் யார்?

(உவரியில் கடல் தொழிலாளரும் பனைத் தொழிலாளரும் பீடித் தொழிலாளரும் சேர்ந்து கூட்டிய கூட்டத்தில், முழுநேர ஊழியர் ஒருவர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்.)



இன்று உங்களிடம் ஒரு கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கணக்கு என்றதும் சிலருக்கு எழுந்து போகத் தோன்றும். விடியுமுன் கடலுக்குப் போய்க் களைத்து வந்திருக்கும் அண்ணாச்சிமார்களும், பகலெல்லாம் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றி முதுகு வலியோடு வந்திருக்கும் தாய்மார்களும், இந்தக் கணக்கு நமக்கெதற்கு என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் இது வேறு யாருடைய கணக்கும் அல்ல. நீங்கள் என்ன வேலை செய்து சாப்பிடுகிறீர்கள் என்று சர்க்கார் எழுதி வைத்திருக்கும் கணக்கு. அதில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். புள்ளிவிவர சாஸ்திரம் படித்தவன் அல்ல. ஆனாலும் ஒரு ஜில்லாவின் ஜனங்கள் எந்தத் தொழிலை விட்டு எந்தத் தொழிலுக்குப் போனார்கள் என்று பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பொறுமையாகக் கேட்டால் போதும்.

பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஜனத்தொகைக் கணக்கு எடுப்பது வழக்கம். கடைசியாக எடுத்தது 2011-ல். அப்போது நம் திருநெல்வேலி ஜில்லாவின் ஜனத்தொகை 30 லட்சத்து 77 ஆயிரம். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவில் தள்ளிப் போயிற்று. பிறகும் தள்ளித் தள்ளி, 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படையாக வைத்து எடுப்போம் என்று 2025 ஜூன் 16-ல் மத்திய சர்க்கார் கெஜட்டில் அறிவித்தது. ஆகப் பதினாறு வருஷ இடைவெளி. இந்தப் பதினாறு வருஷத்தில் நம் கரையில் எத்தனை மாறியிருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நாலே நாலு பெட்டி

2001-லும் 2011-லும் கிராமம் கிராமமாக வெளியிட்ட முதல் அட்டவணையில், உழைக்கிற ஜனங்களை நான்கு பெட்டிகளில் போட்டார்கள். முதல் பெட்டி, சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ பயிர் செய்யும் விவசாயி. இரண்டாவது, விவசாயக் கூலி. மூன்றாவது, வீட்டுத் தொழில் செய்பவர். நாலாவது, ‘இதர தொழிலாளர்’.

உவரிக் கடலில் வலை போடுகிறவர் எந்தப் பெட்டியில் வருவார்? நாலாவது பெட்டியில். பள்ளிக்கூட வாத்தியார், பஸ் டிரைவர், கொத்தனார், ஜவுளிக்கடைச் சிப்பந்தி, வங்கி மானேஜர், கூடங்குளம் அணுமின் நிலையத்து இன்ஜினியர் எல்லோருமே அதே பெட்டிதான். ஜில்லா கலெக்டரும் அதே பெட்டிதான். கலெக்டரும் கட்டுமரக்காரரும் ஒரே இனம் என்று எழுதிவிட்டால் சமத்துவம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளலாமோ!

முன்பு இப்படி இல்லை. 1961-ஆம் வருஷக் கணக்கில் ஒன்பது பெட்டிகள் இருந்தன. 1991-லும் ஒன்பது. அவற்றில் மீன்பிடித்தல், கால்நடை, காடு, தோட்டத் தொழில் ஆகியவற்றோடு சேர்ந்து தனியாக நின்றது. கட்டிட வேலை தனி, வியாபாரம் தனி, போக்குவரத்து தனி. அந்தப் பெட்டிகளைத்தான் பிற்பாடு ஒன்றாகக் கொட்டி ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். தொழில்வாரியாகப் பிரித்த விரிவான அட்டவணைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை வருஷக்கணக்கில் தாமதித்து வருகின்றன. வந்தாலும் ஜில்லா மட்டத்தோடு நின்றுவிடுகின்றன. உவரிக்கென்று பார்த்தால் அந்த நாலு பெட்டிதான் மிச்சம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய திருநெல்வேலி ஜில்லாவும் இன்றைய ஜில்லாவும் ஒன்றல்ல. 1986-ல் தூத்துக்குடி தனி ஜில்லா ஆயிற்று. துறைமுகம், உப்பளம், கோவில்பட்டித் தீப்பெட்டி எல்லாம் அதோடு போயின. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. சங்கரன்கோவில் விசைத்தறியும், ஆலங்குளம், கடையநல்லூர்ப் பக்கத்துப் பீடியும் அதோடு போயின. ஒரு தோப்பை மூன்று அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்ட பிறகு, “இந்தத் தோப்பில் காய்ப்புக் குறைந்துவிட்டது” என்று ஒருவர் சொன்னால் நம்புவீர்களா? அதேபோல, 1961-ஆம் வருஷத்து எண்ணையும் இனி வரப்போகிற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தத் தொழில் வளர்ந்தது, அந்தத் தொழில் தேய்ந்தது என்று யாராவது பேசினால், “எந்த எல்லை, எத்தனை பெட்டி?” என்று முதலில் கேளுங்கள்.

கடலில் நடந்த மாற்றம்

எண்ணை விட்டுவிட்டுக் கண்ணால் கண்டதைப் பார்ப்போம். கூடுதாழை முதல் கூட்டப்புளி வரை நம் ஜில்லாவின் கடற்கரை. ஒரு காலத்தில் இந்தக் கரை முழுவதும் கட்டுமரமும் பாய்மர வள்ளமும்தான். பருத்தி நூல் வலை போய் நைலான் வலை வந்தது. துடுப்புப் போய் மோட்டார் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் கடனாகவும் ஃபைபர் வள்ளங்கள் வந்து குவிந்தன. கட்டுமரம் ஒதுங்கிற்று.

இதனால் தொழில் செய்கிறவருடைய நிலையே மாறிற்று. கட்டுமரக்காரருக்குத் தொழில் சாமான்களில் பெரும்பகுதி அவருடைய சொந்தம். காற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மோட்டார் வள்ளத்துக்கு எண்ணெய் வேண்டும், ஐஸ் வேண்டும், எஞ்சின் பழுது பார்க்கப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை வியாபாரியிடம் முன்பணமாக வாங்கினால், பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கு அவரிடமே போட வேண்டும். பங்கு பிரிக்கையில் வள்ளத்துக்கு, எஞ்சினுக்கு, வலைக்கு என்று எடுத்தது போக மிச்சத்தில்தான் ஆளுக்குப் பங்கு. கணக்கில் இவரும் மீனவர், வள்ளத்துச் சொந்தக்காரரும் மீனவர். ஒருவர் பங்குக்காரர், ஒருவர் முதலீட்டுக்காரர் என்ற வித்தியாசத்தை முதல் அட்டவணையில் தேடினாலும் கிடைக்காது.

நம் பெண்களின் பாடு இன்னும் மோசம். ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து, ஊர் ஊராக நடந்து விற்றவர்கள் அவர்கள். ஐஸ் பெட்டியோடு லாரி வந்து கரையிலேயே மீனை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கியதும், கூடைக்காரிக்குக் கிடைத்தது மிச்ச மீன்.

இளவட்டங்கள் எங்கே போனார்கள்? கொச்சி விசைப்படகில் இருக்கிறார்கள். வளைகுடாவில் அரபு முதலாளியின் படகில் இருக்கிறார்கள். ஈரானில் இருக்கிறார்கள். 2020-ல் கொரோனா காலத்தில் ஈரானில் சிக்கிக்கொண்டவர்களை ஏற்றிக்கொண்டு ‘ஜலாஷ்வா’ என்ற கடற்படைக் கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து ஜூலை 1-ல் தூத்துக்குடி வந்து சேர்ந்தது ஞாபகமிருக்கும். 687 பேர் இறங்கினார்கள். பெரும்பாலோர் இந்தத் தென்கரைப் பிள்ளைகள். கணக்கெடுக்கும் காலத்தில் இப்படி அந்நிய தேசத்தில் இருப்பவர் நம் கணக்கில் வரமாட்டார். அவர் அனுப்பும் பணத்தில் குடும்பம் சாப்பிடுகிறது. அவர் செய்யும் வேலைக்கு மட்டும் இந்த ஜில்லாவில் பெட்டி இல்லை.

பனையும் ஆறு மாதமும்

கரையிலிருந்து வடக்கே நடந்தால் தேரிக்காடு, பனங்காடு. பனையேறி காலையில் ஏறிப் பதநீர் இறக்கி, சாயங்காலம் மறுபடி ஏறிப் பாளை சீவ வேண்டும். ஒரு பனைக்கு இரண்டு ஏற்றம் என்றால், முப்பது பனை பார்க்கிறவருக்கு ஒரு நாளைக்கு அறுபது ஏற்றம். கீழே அவர் வீட்டம்மா விறகு பொறுக்கி, பதநீரைக் காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்க வேண்டும். நல்ல கருப்பட்டியோடு சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் போட்டி போடுகிறது. கால் தவறினால் உயிர் போகும் தொழிலில், பாடுபட்ட கூலி விலையில் ஏறுவதில்லை. தன் பிள்ளை பனையேற வேண்டாம் என்று பனையேறியே சொல்கிறார். அதில் ஆச்சரியம் என்ன?

இங்கே கணக்கின் இன்னொரு விதியைக் கவனியுங்கள். வருஷத்தில் ஆறு மாதமும் அதற்கு மேலும் வேலை செய்தவர் ‘முதன்மைத் தொழிலாளர்’. ஆறு மாதத்துக்குக் குறைந்தால் ‘குறுகிய காலத் தொழிலாளர்’. பதநீர்க் காலமோ ஏறக்குறைய ஆறு மாதந்தான். மழை முந்தினாலும் பாளை பிந்தினாலும் ஐந்து மாதமாகிவிடும். அப்படியானால் நாளுக்கு அறுபது ஏற்றம் ஏறுகிற மனிதர், பனையை மட்டும் சொன்னால், அரைகுறைத் தொழிலாளி! மிச்ச மாதங்களில் அவர் கட்டிட வேலைக்குப் போகிறார், செங்கல் சூளைக்குப் போகிறார், திருப்பூருக்குப் போகிறார். எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் முழுத் தொழிலாளி.

வயலிலிருந்து பீடிச் சுளகுக்கு

தாமிரபரணிப் பாசனத்தில் எட்டு அணைக்கட்டுகள். காரும் பிசானமுமாக இரண்டு போகம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் நடவும் களையும் அறுப்பும் பெண்களின் வேலை. இன்று அறுப்பை எந்திரம் எடுத்துக்கொண்டது. பத்துப் பேர் குனிந்து நாளெல்லாம் அறுத்ததை ஒரு எந்திரம் சற்று நேரத்தில் அறுத்துத் தூற்றிக் கொட்டுகிறது. எந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குனிந்த முதுகு நிமிர்ந்தால் நல்லதுதான். ஆனால் நிமிர்ந்தவளுக்கு வேறு வேலை எங்கே என்பதுதான் கேள்வி.

அவளுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் பீடி. மேலப்பாளையம், முக்கூடல் என்று தொடங்கி ஆற்றங்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு பீடிச் சுளகு. கம்பெனி கடையில் இலை, தூள், நூல் வாங்கி வந்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கழிவு என்று தள்ளினால் அந்த நஷ்டம் சுற்றினவளுடையது. இந்தப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து சுற்றினாலும் தொழிலாளர்களே என்று ஒப்புக்கொண்டது 1966-ஆம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். முதலாளிகள் வழக்குப் போட்டும், 1974-ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஆனால் ஜனத்தொகைக் கணக்கில் இவர்கள் ‘வீட்டுத் தொழில்’ பெட்டியில் விழுகிறார்கள். ஏதோ சொந்தமாகத் தொழில் நடத்துகிற மாதிரி! சட்டம் தொழிலாளி என்கிறது, கணக்கு வீட்டுத் தொழில் என்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கி, பழைய 29 சட்டங்களை அவற்றுக்குள் மடக்கிவிட்டார்கள். 1966-ஆம் வருஷச் சட்டமும் அந்த 29-ல் ஒன்று. இந்த நேரத்தில் கணக்கில் உங்கள் தொழில் என்னவென்று எழுதப்படுகிறது என்பது அற்ப விஷயமல்ல.

போன வேலையும் வந்த வேலையும்

பாபநாசம் அருவித் தண்ணீரை நம்பி 1880-களில் வெள்ளைக்கார ஹார்வி கம்பெனி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை வைத்தது. அதுவே இந்த ஜில்லாவில் ஆலைத் தொழிலாளி என்ற வர்க்கம் பிறந்த இடங்களில் ஒன்று. மேலே மலையில், சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட 8,374 ஏக்கரில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். அங்கே கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலிக்கு ஊர்வலம் வந்தவர்கள் மேல் தடியடி நடந்து, தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். 2024 ஜூனில் கம்பெனி விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கித் தோட்டத்தை மூடிற்று. மூன்று, நாலு தலைமுறையாக மலையிலேயே பிறந்து வளர்ந்த தொழிலாளிகள் கீழே இறங்கி என்ன வேலை செய்வார்கள்? கணக்கு எடுக்கும்போது அவர்களும் நாலாவது பெட்டிதான். தோட்டத் தொழிலாளி என்ற அடையாளம் அந்த மூட்டைக்குள் போனால், ஒரு தொழிலே அழிந்தது வெளியே தெரியாது.

நம் பக்கம் வாருங்கள். கடற்கரைத் தாதுமணலை அள்ளுகிற தொழில் வந்தது. கார்னெட், இல்மனைட் என்று கப்பலேறிற்று. கரையைக் குடைகிறார்கள் என்ற புகாரின் மேல் 2013-ல் மாநில சர்க்கார் தடை போட்டது. கரை தப்ப வேண்டும் என்றவர்கள் சொன்னதிலும் நியாயமிருந்தது. கூலி போயிற்றே என்று அழுதவர்கள் வயிற்றிலும் உண்மையிருந்தது. அந்தக் கூலிகள் பிறகு எங்கே போனார்கள் என்று ஊர்வாரியாக யார் கணக்கெடுத்தார்கள்?

கூடங்குளத்தில் 2002-ல் அணு உலைக் கட்டுமானம் தொடங்கியது. முதல் உலை 2013 அக்டோபரிலும் இரண்டாவது 2016-லும் மின்சாரம் கொடுத்தன. ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். அதன் பிறகும் அடுத்தடுத்த உலைகளுக்குக் கட்டுமானம் நடந்தது. கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். ஆனால் அது ஒப்பந்த வேலை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஏழைத் தொழிலாளியைக் கூட்டிவந்து தகரக் கொட்டகையில் தங்கவைத்து வேலை வாங்குகிறார்கள். அவரும் நம்மைப்போல் ஊரில் வேலையில்லாமல் வந்தவர்தான். அவர் மேல் நமக்கு வருத்தம் கூடாது. நிரந்தர வேலை எத்தனை, ஒப்பந்த வேலை எத்தனை, நிலம் கொடுத்த ஊர்களுக்கு எத்தனை என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

ராதாபுரம், பணகுடி வெளியில் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடுமாடு மேய்ந்த, மானாவாரி விதைத்த காடு அது. ஒரு காற்றாலைக்குக் காவலாளி ஒருவர், பல காற்றாலைகளுக்குச் சேர்த்து மெக்கானிக் சிலர். மின்சாரம் நிறைய, வேலை கொஞ்சம். இதற்கு மாறாக, கங்கைகொண்டானில் டாடா கம்பெனியின் சூரியத் தகடுத் தொழிற்சாலையை 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார். வருஷத்துக்கு 4.3 கிகாவாட் அளவுக்குத் தகடு செய்யும் சாலை. வேலை செய்வோரில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பீடி சுற்றிய தாயின் மகள் தொழிற்சாலை வாசலுக்குள் போகிறாள். இது நல்ல மாற்றம்தான், மனதார வரவேற்கிறோம். அவள் கல்யாணத்துக்குப் பிறகும் அங்கே நீடிக்கிறாளா, அவளுடைய வேலை நிரந்தரமா என்பதைக் கணக்கு சொல்ல வேண்டும்.

ஆக, நான் கண்ட மாற்றம் இதுதான்: விவசாயத்திலிருந்து ஆலைக்கு என்று பாடப் புத்தகம் சொல்கிற பாதையில் நம் ஜனங்கள் போகவில்லை. கடலிலிருந்தும் பனையிலிருந்தும் வயலிலிருந்தும் இறங்கியவர்களில் ஆலைக்குள் போனவர்கள் கொஞ்சம். மற்றவர்கள் வருஷத்தில் மூன்று வேலை செய்து பிழைக்கிறார்கள். கணக்கோ ஒரே வேலையை எழுதி, அதையும் ‘இதர’ என்று முடிக்கிறது.

ஒரு கேள்வி மறைத்த பெண்கள்

கேள்வியை மாற்றினால் மனிதர்களே மறைந்துபோவார்கள் என்பதற்கு நம் தேசத்திலேயே சாட்சி உண்டு. 1961-ல், பருவத்தின் பெரும்பகுதியில் தினம் ஒரு மணி நேரம் வேலை செய்தாலும் தொழிலாளி என்று எழுதினார்கள். 1971-ல் “உங்கள் பிரதான காரியம் என்ன?” என்று கேட்டார்கள். வயலிலும் பாடுபட்டு வீட்டிலும் சமைக்கிற பெண், “வீட்டு வேலை” என்றாள். அந்தப் பத்து வருஷத்தில் தேசம் முழுவதும் பெண் தொழிலாளர் எண்ணிக்கை கடகடவென்று இறங்கிற்று. பெண்கள் உழைப்பதை நிறுத்திவிடவில்லை, கேள்விதான் மாறிற்று.

“கணக்கில் எழுதினால் கூலி கூடுமா?” என்று சிலர் கேட்கலாம். கூடாது. கூலி கூட வேறு பாடுபட வேண்டும். ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்ததை நினைத்துப் பாருங்கள். கன்னியாகுமரிக் கரையிலிருந்து கடலுக்குப் போனவர்களில் எத்தனை பேரைக் காணோம் என்பதில், சர்க்கார் ஒரு எண் சொல்லிற்று, ஊர்க்காரர்கள் வேறொரு எண் சொன்னார்கள். யார் கடலில் இருந்தார்கள் என்பதற்கே சரியான பதிவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், என் மகன் மீனவன், அவன் கடலுக்குத்தான் போனான் என்று காகிதத்தில் நிரூபிக்க அலைய வேண்டி வந்தது. தொழில் எழுதப்படாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

செய்ய வேண்டிய காரியம்

முதலாவது: கணக்கெடுக்க வருகிறவர் கேட்டால், “சும்மா இருக்கேன்”, “வீட்டிலே இருக்கேன்” என்ற பதில் எந்தப் பெண் வாயிலிருந்தும் வரக்கூடாது. கூலி வாங்காமல் குடும்பத் தொழிலில் பாடுபட்டாலும் அது வேலைதான் என்று கணக்கெடுப்பின் விதியே சொல்லியிருக்கிறது. கருப்பட்டி காய்ச்சினால் சொல்லுங்கள். வலை பின்னினால், மீன் காயப்போட்டால் சொல்லுங்கள். பீடி சுற்றினால் எந்தக் கம்பெனிக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது: ஆண்கள் வருஷம் முழுவதும் செய்த வேலைகளை மாதக் கணக்கோடு சொல்லுங்கள். பனை ஐந்து மாதம், கட்டிடம் நாலு மாதம் என்று கூட்டிச் சொன்னால்தான் ஆறு மாதத்தைத் தாண்டும்.

மூன்றாவது: நமக்கு நாமே ஒரு கணக்கு எடுப்போம். கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2005, 2010, 2016 வருஷங்களில் மீனவர்களுக்கென்று தனிக் கணக்கு எடுத்தது. பனைத் தொழிலாளிக்கும் அப்படி ஊர்வாரியாக ஒன்று வேண்டும். அதுவரை காத்திராமல், தெருவுக்கு இரண்டு பேர், ஒரு நாற்பது பக்க நோட்டு என்று தொடங்குவோம். வீட்டில் எத்தனை பேர், யார் யார் என்ன வேலை, எத்தனை மாதம், எந்த ஊரில், நல வாரிய அட்டை உண்டா இல்லையா என்று எழுதுவோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெயரையும் தனிப் பக்கத்தில் எழுதுவோம். சர்க்கார் கணக்கு வெளிவரும்போது நம் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். விட்டுப்போனவர் யார் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். கிராமம் வரைக்கும் தொழில்வாரியாக அட்டவணை வெளியிட வேண்டும் என்ற மனுவையும் அந்த நோட்டோடு சேர்த்துக் கலெக்டரிடம் கொடுப்போம்.

எழுதத் தெரிந்த பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். எந்தத் தெருவுக்கு யார் என்று கலைந்து போவதற்கு முன் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.